இரும்பைக் கூட்டினால் உறுதி கூடுமா?



ஊருக்கு ஊர் சாலையோரத்தில் ஒரு கார்ப் பட்டறை இருக்கும். அங்கே பழைய கார் ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது சற்று நின்று கவனியுங்கள். மெக்கானிக் அந்தக் காரின் ஒரு மூலையை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். தூக்குவதற்கு முன் இலேசாகத் திறந்து மூடிய கதவு, தூக்கிய பிறகு மூட மறுக்கிறது. ஜாக்கியை இறக்கியதும் பழையபடி மூடிக்கொள்கிறது. கதவில் கோளாறு ஏதும் இல்லை. கதவைச் சுற்றியுள்ள கார்தான் முறுக்கிக்கொண்டது.

"இரும்பால் செய்த கார் முறுக்கிக்கொள்ளுமா?" என்று நீங்கள் கேட்கலாம். முறுக்கிக்கொள்ளும். விசைக்குச் சிறிதும் இணங்காத பொருள் உலகில் இல்லை. புதிய காரில் இந்த முறுக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். துருப்பிடித்து, பற்றவைப்புகள் விட்டுப்போன பழைய காரிலோ கதவு சிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

இதற்கு மருந்தாகப் பலரும் செய்வது என்ன? கனமான ஆங்கிள் இரும்பை வாங்கி வருகிறார்கள். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் கீழே அதை நீளவாக்கில் வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். பழைய கார்களின் மீது ஆசை கொண்டு, வீட்டு வாசலிலேயே அவற்றைச் சீராக்க முனையும் ஆர்வலர்களும் பெரும்பாலும் இதையே செய்கிறார்கள். இரும்பைக் கூட்டினால் உறுதி கூடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்தானது. பழைய காரின் சட்டத்தைத் தம் கையாலேயே உறுதிப்படுத்த முயல்வதை நான் குறை கூறவில்லை. உயர்நிலைப் பள்ளி இயற்பியலுக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது என்றே சொல்வேன். ஆனால் அந்த வேலையை அளவுகோலைக் கொண்டு தொடங்க வேண்டும். வெல்டிங் கம்பிக்குக் கடைசியில்தான் இடம். சில சமயம் அளந்து முடித்த பிறகு வெல்டிங்கே தேவையில்லை என்றும் தெரிய வரலாம். என் கருத்துக்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் பொறுப்பு.

விறைப்பு வேறு, வலிமை வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். பேச்சு வழக்கில் 'உறுதி' என்று ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். பொறியியலில் அதற்குள் இரண்டு பண்புகள் உண்டு. ஒரு பொருள் விசைக்கு எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது விறைப்பு. எவ்வளவு விசையில் உடைகிறது அல்லது நிரந்தரமாகக் கோணிக்கொள்கிறது என்பதைச் சொல்வது வலிமை.

உங்கள் ஆசிரியர் கையிலுள்ள சாக்குக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வளையாது, ஆனால் சட்டென்று ஒடிந்துவிடும். விறைப்பு உண்டு, வலிமை இல்லை. தோல் வாரை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். இழுத்து அறுப்பது கடினம். வலிமை உண்டு, விறைப்பு இல்லை.

ஜாக்கி வைத்ததும் கதவு சிக்குவது விறைப்புக் குறைவின் அறிகுறி. இங்கே ஒரு வியப்பான செய்தியைக் கேளுங்கள். எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்குச் சுமார் 20,000 கோடி நியூட்டன். தெருமுனை இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரண எஃகானாலும் சரி, விலை மிகுந்த வலிமையான எஃகானாலும் சரி, இந்த எண் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அதே அளவில், அதே வடிவில், விலை உயர்ந்த எஃகைப் பொருத்தினால் சட்டம் உடைவது தாமதமாகலாம். அது முறுக்கிக்கொள்ளும் அளவு மட்டும் மாறவே மாறாது. அலுமினியத்தின் யங் குணகம் எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

உயர்ந்த எஃகை வாங்கியும் பயனில்லை என்றால் விறைப்பை எங்கிருந்து பெறுவது? வடிவத்திலிருந்து. இதைக் காட்ட உங்கள் வீட்டிலுள்ள பொருள்களே போதும்.

பெட்டி, குழாய், ஈர்க்குச்சி

புதுச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, துணி பிழிவது போல முறுக்குங்கள். பெட்டி எளிதாகக் கோணிக்கொள்ளும். இப்போது மூடியைப் போட்டு, விளிம்பு முழுவதும் பசை நாடா ஒட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். அதே அட்டைதான்; ஆனால் அசைய மறுக்கிறது. கூரை இல்லாத திறந்த கார்கள் ஏன் அதிகம் முறுக்கிக்கொள்கின்றன என்பதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

அடுத்து, பழைய நாட்காட்டியின் கெட்டியான தாளைச் சுருட்டி, ஓரத்தை ஒட்டிக் குழாயாக்குங்கள். முறுக்கிப் பாருங்கள், நன்றாக எதிர்க்கிறது. பிறகு கத்தரியால் நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, மீண்டும் முறுக்குங்கள். எதிர்ப்பு போன இடம் தெரியாது. உற்று நோக்கினால் வெட்டின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நழுவுவதைக் காணலாம். மூடிய குழாயில் இந்த நழுவலுக்கு இடமில்லை. எனவே முறுக்கு முழுவதையும் குழாயின் சுவர் சுற்றிச் சுற்றித் தாங்கியாக வேண்டும்.

மூன்றாவதாக, நான்கு ஈர்க்குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைகளில் குண்டூசி குத்துங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரு மூலைவிட்டக் குச்சியை வைத்துக் குத்துங்கள். சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது, இனிச் சாயாது. முக்கோணத்தின் பக்கங்கள் மாறாமல் கோணங்கள் மாற முடியாது என்று வடிவியலில் படித்தீர்கள் அல்லவா? அது தேர்வுக்காக மட்டும் எழுதப்பட்ட உண்மையன்று.

மூன்று சோதனைகளிலும் நாம் சேர்த்த பொருள் மிகக் கொஞ்சம். சேர்த்த இடந்தான் முக்கியம்.

கணக்கு சொல்வது என்ன?

பல பழைய கார்களின் அடிச்சட்டம், வாய் திறந்த சேனல் இரும்பால் ஆனது. 100 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள சேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை விரித்தால் 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை. திறந்த வடிவம் முறுக்கத்தை எதிர்க்கும் திறனை அளக்க, அந்த அகலத்தைத் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தால் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும். 200 × 27 ÷ 3 = 1,800 என்று வருகிறது.

இந்தச் சேனலை இரண்டு வழிகளில் உறுதிப்படுத்தலாம். இரண்டிலும் ஒரே எடையுள்ள இரும்பைத்தான் சேர்க்கப் போகிறோம்; அதாவது இருப்பதில் பாதி.

முதல் வழி: சேனலின் மேலேயே இரும்பைப் படியவைத்துத் தடிப்பை 4.5 மில்லிமீட்டர் ஆக்குவது. வாய் திறந்தபடியே இருக்கிறது. இப்போது கணக்கிட்டால் 6,075. முன்னைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்.

இரண்டாம் வழி: 100 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள தகட்டைத் திறந்த வாயின் மேல் வைத்து மூடிப் பெட்டியாக்குவது. மூடிய குழாய்களுக்கான விதியை ருடால்ஃப் பிரெட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1896-இல் வெளியிட்டார். பெட்டி அடைத்துக்கொள்ளும் பரப்பை வர்க்கப்படுத்தி, அதை நான்கு மடங்காக்கி, தடிப்பால் பெருக்கி, சுற்றளவால் வகுக்க வேண்டும். பரப்பு 5,000, சுற்றளவு 300. எனவே 4 × 5,000 × 5,000 × 3 ÷ 300 = 10,00,000. முதலில் இருந்ததைப் போல 555 மடங்கு!

ஒரே எடை இரும்பு. ஒரு வழியில் மூன்று மடங்கு; மற்றொரு வழியில் ஐந்நூறு மடங்கு. கூடுதல் ஆங்கிள் இரும்பைக் கண்ட இடத்தில் ஒட்டவைப்பவர் முதல் வழியைத்தான் பின்பற்றுகிறார். எடையைக் கூட்டுகிறார், பெட்ரோல் செலவைக் கூட்டுகிறார், முறுக்கத்தைச் சிறிதளவே குறைக்கிறார்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சேனலை மூடினால் முழுக் காரும் 555 மடங்கு விறைப்பாகிவிடாது. சட்டங்கள் சந்திக்கும் மூட்டுகள், குறுக்குச் சட்டங்கள் ஆகியவையும் இளகிக்கொடுக்கும். அவை இளகலாகவே இருந்தால் நீளச் சட்டத்தை எவ்வளவு விறைப்பாக்கியும் பலன் பாதியில் நின்றுவிடும். எந்த இடம் அதிகமாக இளகுகிறதோ அந்த இடத்தில்தான் முதல் மருத்துவம். அந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு மாணவரின் கார்

இதெல்லாம் பெரிய தொழிற்சாலைகளின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1922-இல் இங்கிலாந்தில் ஆஸ்டின் செவன் என்ற சிறிய கார் அறிமுகமாயிற்று. அதன் வரைபடங்களைத் தயாரித்துக் கொடுத்த ஸ்டான்லி எட்ஜ், அந்த வேலையைத் தொடங்கியபோது 18 வயது இளைஞர். அந்தக் காரின் அடிச்சட்டம் ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் அமைந்தது. இரண்டு மெல்லிய சேனல்கள் முன்புறம் ஒன்றுகூடி, பின்புறம் விரிந்து செல்லும். எடை குறைவு, விலை குறைவு. ஆனால் விறைப்பும் குறைவு.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், பழைய ஆஸ்டின் செவன் கார்கள் மலிவாகக் கிடைத்தன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்ற மாணவர் 1928-ஆம் ஆண்டுக் கார் ஒன்றை எடுத்து, வட லண்டனில் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் வைத்துப் பிரித்தார். 1948-இல் அதைப் புதுக் காராக்கினார். அவர் கனத்த இரும்பைத் தேடிப் போகவில்லை. ஒட்டுப்பலகையுடன் அலுமினியத் தகடு ஒட்டிய பலகைகளைக் கொண்டு உடற்கூட்டை அமைத்து, அந்தக் கூடே முறுக்கத்தைத் தாங்கும்படி செய்தார். ஆகாய விமானங்களின் உடல் அப்படித்தான் அமைகிறது. மேல்தோலே சுமையைத் தாங்கும். நீங்கள் மூடி ஒட்டிய செருப்புப் பெட்டியின் தத்துவமும் அதுவே.

1951-இல் அவர் அமைத்த மூன்றாவது காரும் ஆஸ்டின் செவன் சட்டத்தின் மேல் எழுந்ததுதான். இம்முறை சேனல்களின் திறந்த வாயை மூடிப் பெட்டியாக்கினார். இஞ்சின் இருக்கும் இடத்தில் குழாய்களால் ஒரு முக்கோணச் சட்டகம் அமைத்தார். காகிதக் குழாயும் ஈர்க்குச்சி முக்கோணமும் நினைவுக்கு வருகின்றனவா?

அந்த இளைஞர் தொடங்கிய நிறுவனம்தான் லோட்டஸ். 1962-இல் அவர் வடிவமைத்த லோட்டஸ் 25 என்ற பந்தயக் காரின் உடல், குழாய்ச் சட்டங்களுக்குப் பதிலாக அலுமினியத் தகட்டுப் பெட்டிகளால் ஆனது. அதற்குச் சற்று முந்தைய லோட்டஸ் 24-இன் சட்டத்தைவிட அது மூன்று மடங்கு விறைப்பு, எடையோ பாதிதான். 1963-இல் ஜிம் கிளார்க் அதே காரை ஓட்டிப் பத்துப் பந்தயங்களில் ஏழில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். விறைப்பு மும்மடங்காக உயர்ந்தபோது எடை பாதியாகக் குறைந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். நம் தலைப்புக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

எவ்வளவு போதும்?

சட்டம் விறைப்பாக இருப்பதால் என்ன பயன்? காரின் சக்கரங்களைத் தரையோடு ஒட்டிவைப்பது ஸ்பிரிங்குகளின் வேலை. சட்டமே முறுக்கிக்கொண்டால் அதுவும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. அதற்கு அதிர்வைத் தணிக்கும் 'ஷாக் அப்சார்பர்' கிடையாது. வளைவில் கார் எப்படித் திரும்பும் என்பதைப் பொறியாளர் தீர்மானித்தது ஒன்றாக இருக்க, நடப்பது வேறொன்றாகிவிடும்.

தொடராக இணைத்த இரண்டு ஸ்பிரிங்குகளின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. காரின் ஸ்பிரிங் விறைப்பை 1 என்று கொள்வோம். சட்டத்தின் விறைப்பும் 1 என்றால் மொத்தம் 0.5; பாதி போய்விட்டது. சட்டத்தை 10 மடங்காக்கினால் மொத்தம் 0.91. மிகப் பெரிய முன்னேற்றம். இன்னும் இரும்பைச் சேர்த்து 20 மடங்காக்கினால்? 0.95. முதல் முயற்சிக்குக் கிடைத்த பலன் அடுத்த முயற்சிக்குக் கிடைப்பதில்லை. இதற்கு மேலும் இரும்பு சேர்ப்பவர் காரை முன்னேற்றவில்லை, சுமையை ஏற்றுகிறார். 'போதும்' என்று எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பதும் பொறியியலில் ஒரு பகுதியே.

கூட்டுவதால் வரும் கேடுகள்

அளக்காமல் இரும்பைச் சேர்த்தால் பலன் குறைவு என்பதோடு முடிந்துவிட்டால் கவலையில்லை. வேறு கேடுகளும் உண்டு.

ஒன்று, விரிசல். இளகலான சட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் கட்டையாக்கினால், கட்டையான பகுதி முடியும் இடத்தில் தகைவு குவிகிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்பீர்களே, அதுபோல அந்த இடம் ஒவ்வொரு குழியிலும் சிறிது வளைந்து, நாளடைவில் விரிசல் விடும். சேர்த்த இரும்பு அப்படியே இருக்க, அதன் நுனிக்கு அடுத்துள்ள பழைய தகடுதான் கிழியும். எனவேதான் நல்ல தொழிலாளர் வலுவூட்டும் தகட்டின் நுனியைச் சதுரமாக வெட்டாமல், மீன்வால் போல அல்லது கூம்பாகச் சரித்து வெட்டுகிறார்.

இரண்டு, துரு. மூடிய பெட்டிக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. அடியில் வடிகால் துளையும் உள்ளே துருத்தடுப்புப் பூச்சும் இல்லாவிட்டால், வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே சட்டம் உதிர்ந்துகொண்டிருக்கும். துருவின் மேல் தகடு வைத்து வெல்டு செய்வதும் இதே போன்ற ஏமாற்று வேலைதான். புதுத் தகட்டைத் தாங்கிப் பிடிக்கப் பழைய தகட்டில் உலோகம் இருக்க வேண்டும் அல்லவா? துருப்பிடித்த பகுதியை முழுவதும் வெட்டி நீக்கி, முதலில் இருந்த தடிப்பிலேயே தகடு வைத்துச் சரிசெய்தால் பல பழைய கார்களுக்கு அதுவே போதும். இழந்த விறைப்பு திரும்பிவிடும். புதிதாகக் கூட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது கேடு உயிர் தொடர்பானது. கார் சுவரில் மோதினால் அதன் முன்பகுதி நசுங்குவதைக் கண்டு, "அந்தக் காலத்துக் கார் கல் மாதிரி இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நசுங்குவது குற்றமில்லை, நசுங்கத்தான் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி கார் நின்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 16 மடங்கு. 30 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கினால் ஏறத்தாழ 33 மடங்கு. உள்ளே அமர்ந்திருப்பவரின் உடல் அந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். பயணிகள் அறை விறைப்பாகவும் முன்னும் பின்னும் நசுங்கும்படியும் இருக்க வேண்டும் என்ற கருத்துக்குப் பேலா பாரேனி என்ற பொறியாளர் 1952-இல் காப்புரிமை பெற்றார். 1959-இல் மெர்சிடிஸ் கார் ஒன்றில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே சட்டத்தின் முன்நுனியில் கண்மூடித்தனமாக ஆங்கிள் இரும்பை வைப்பவர், காரைக் காப்பாற்றிக் காரில் இருப்பவரைப் பலி கொடுக்கிறார்.

உங்கள் பங்கு என்ன?

வெல்டிங் செய்யும் வயது உங்களுக்கு வரவில்லை. அந்தக் கலையைத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ தேர்ந்த தொழிலாளரிடமோ முறையாகக் கற்ற பிறகே கையில் எடுக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றாமல், மின்கல இணைப்பை நீக்காமல், கண்ணுக்குக் கவசம் அணியாமல் தொடங்கக்கூடிய வேலையன்று அது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் கீழே தலையை நீட்டுவது எந்த வயதினருக்கும் தகாது. ஆனால் அளக்கும் வேலைக்கு நீங்கள் இன்றே தயார்.

சமதளமான தரையில் நிற்கும் காரின் அருகே ஒரு தூக்குக்குண்டுடன் செல்லுங்கள். கொத்தனார் சுவர் பார்க்கப் பயன்படுத்தும் அதே கருவிதான். காரின் இருபுறமும் ஒத்த நான்கு இடங்களைப் பட்டறைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்குக்கட்டியால் புள்ளி வையுங்கள். காரை நகர்த்திய பின் புள்ளிகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளங்கள். இரண்டும் சமமா? இல்லையென்றால் சட்டம் ஏற்கெனவே கோணியிருக்கிறது. அந்த நிலையில் வெல்டு வைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். இதை அறிந்த தொழிலாளர்கள் தகட்டை வெட்டுவதற்கு முன்பே கதவு நிலையின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளைப் பொருத்தி அளவை நிலைநிறுத்திக்கொள்கிறார்கள். வெல்டிங் சூட்டில் தகடு இழுபடாதிருக்க, இங்கே சிறிது அங்கே சிறிது என மாற்றி மாற்றிப் பற்றவைக்கிறார்கள்.

கழற்றிவைத்த வெறும் சட்டம் கிடைத்தால் விறைப்பையே அளக்கலாம். பின்முனையை அசையாமல் பிடித்துக் கட்டி, முன்முனையின் நடுவை ஒரு தாங்கியின் மேல் வைத்து, குறுக்கே கட்டிய கட்டையில் நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 40 கிலோ எடையைப் பெரியவர்களின் துணையுடன் தொங்கவிடுங்கள். திருப்புத்திறன் 392 நியூட்டன்-மீட்டர். அந்த 1 மீட்டர் முனை 17.5 மில்லிமீட்டர் இறங்கினால் முறுக்கம் 1 பாகை. 7 மில்லிமீட்டர் இறங்கினால் 0.4 பாகை, அப்படியானால் அச்சட்டத்தின் விறைப்பு பாகைக்கு 980 நியூட்டன்-மீட்டர். இன்றைய கார்கள் பலவற்றில் இந்த எண் 20,000-ஐத் தாண்டும். எடையைப் பின்முனை நோக்கி இடம் மாற்றாமல், சட்டத்தின் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குச்சி கட்டி இறக்கத்தைக் குறித்துக்கொண்டே போனால், எந்த இடம் அதிகம் இளகுகிறது என்பதைச் சட்டமே காட்டிக்கொடுக்கும்.

எந்த வகைக் கார் என்பதையும் கேட்டறியுங்கள். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடற்கூடு அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. 2014 வரை தயாரான அம்பாசடர் காருக்கோ தனிச் சேஸிஸ் இல்லை. தகட்டுக் கூடே சட்டம். முன்னதற்குச் சரியான மருத்துவம் பின்னதற்குப் பொருந்தாது. சாலையில் ஓடும் வாகனமாயின் சட்டமும் குறுக்கே நிற்கும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்பதே முறை.

கையும் ஏடும்

"இத்தனை கணக்குப் பார்த்தா எங்கள் ஊர் மெக்கானிக் வேலை செய்கிறார்? அவர் அனுபவம் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தகட்டைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே துருவைக் கண்டுபிடிக்கும் டிங்கர் தொழிலாளரின் காது எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்த அனுபவத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அனுபவம், நேற்றுக் கண்ட கோளாற்றை இன்று அடையாளம் காட்டும். இன்று சேர்த்த இரும்பு அடுத்த ஆண்டு எங்கே விரிசல் விடும் என்பதைக் கணக்குதான் முன்கூட்டிச் சொல்லும். நம் நாட்டில் கை தெரிந்தவரிடம் ஏடு இல்லை. ஏடு தெரிந்தவரிடம் கை இல்லை. இந்தப் பிளவுதான் பழைய காரின் துருவைவிட எனக்குக் கவலை தருகிறது.

அதை இணைக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒரு பட்டறைக்காரரிடம் அனுமதி கேட்டு, நூல், சாக்குக்கட்டி, அளவுநாடா ஆகியவற்றுடன் ஒரு பழைய காரின் மூலைவிட்டங்களை அளந்து, அவருக்கே காட்டுங்கள். அவர் உங்களுக்குத் துருவின் ஓசையைக் கேட்கக் கற்றுக்கொடுப்பார். நீங்கள் அவருக்குச் செருப்புப் பெட்டிச் சோதனையைச் செய்து காட்டுங்கள். அதன் பிறகு அந்தப் பட்டறையில் யாராவது ஆங்கிள் இரும்புடன் வந்து நின்றால், உங்கள் இருவரில் ஒருவராவது, "கொஞ்சம் பொறுங்கள், முதலில் அளந்து பார்ப்போம்" என்று சொல்வீர்கள்.